குள்ளப் பைனுக்கு ஒரு குளிர்காலம்

அவரிடம் எதைப் பற்றியும் தனியாகக் கருத்துக் கேட்க முடியாது. தேநீர் எப்படி இருக்கிறது என்றால், “நேத்தைய டீக்கு இது தேவலை மேடம். ஆனா பாம்பூஃப்ளாட் ஜெட்டி டீயோட நிக்காது” என்பார். முழங்கால் வலிக்காக மருத்துவரிடம் போனபோது எவ்வளவு வலிக்கிறது என்று அவர் கேட்டாராம். “இடதுக்கு வலது பரவாயில்லை” என்று இவர் சொல்ல, மருத்துவர் இரண்டு கால்களுக்குமே எக்ஸ்ரே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு திருமண வீட்டில் மாப்பிள்ளையின் தந்தை, “சாப்பாடு எப்படி?” என்று பெருமையோடு விசாரித்தார். அதே வீட்டு மூத்த மகனின் கல்யாணச் சாம்பாரை நான்கு வருட நினைவிலிருந்து எடுத்து, இந்தச் சாம்பாரின் அருகில் வைத்துக் காட்டினார் இவர்.

இந்தப் பழக்கம் அவருக்குப் பகைவர்களைச் சம்பாதித்துக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஒப்பிடுவதோடு அவர் நிறுத்திக்கொள்வதுதான் காரணம். எது உயர்ந்தது என்று மட்டும் சொல்லவே மாட்டார். வற்புறுத்திக் கேட்டால் கையை விரிப்பார்.

“ரெண்டையும் பக்கத்துல வெக்கிறது என் வேலை. தீர்ப்புச் சொல்ல நான் என்ன ஜட்ஜ் சாஹிப்பா?”

அப்போது அந்தமானின் இந்த நகரத்துக்குப் போர்ட் பிளேர் என்றே பெயர். அபர்டீன் பஜாருக்கு அருகே ஒரு நூலகத்தில் நான் பணிபுரிந்தேன். வீடு பாம்பூஃப்ளாட்டில். தினமும் காலையில் படகேறி எதிர்க்கரைச் சாத்தமில் இறங்கி, மாலையில் அதே படகில் திரும்ப வேண்டும். அவரும் அப்படித்தான். இராமநாதபுரத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த ஒருவரின் பேரன். இந்தத் தீவிலேயே பிறந்தவர். மீன் இறங்குதுறைப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் ஆபரேட்டர். உப்புநீர்த் தொட்டியில் தகர டப்பாக்களை இறக்கி, ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருந்து, கண்ணாடிப் பாறைபோல் பனிக்கட்டி எடுப்பவர். படகில் என் பக்கத்து இருக்கை எப்படியோ அவருடையதாகிவிட்டது. நான் புத்தகத்தை விரிப்பேன். அவர் கடலை நேற்றைய கடலோடு ஒப்பிடுவார். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

ஒரு டிசம்பர் காலையில் அவர் கையில் ஒரு மண்தொட்டி வந்தது. அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரம். செடி என்று சொல்ல வாய் வரவில்லை. தண்டு முறுக்கேறி, பட்டை வெடித்து, ஊசி இலைகள் கொத்துக் கொத்தாக நிமிர்ந்து, கோபக்காரத் தாத்தா ஒருவரைச் சுருக்கித் தொட்டியில் நட்டதுபோல் இருந்தது.

படகுக்காரர் மறித்தார். “அரே அண்ணா, இந்தப் பேடுக்கு, இந்த மரத்துக்கு டிக்கெட் யார் எடுக்கிறது?”

“மடியிலதான் உட்காரும். குழந்தைக்கு டிக்கெட் கேப்பியா?”

“குழந்தையா? மூஞ்சைப் பாத்தா உங்களை விட வயசு தெரியுதே!”

“அதைச் சொல்லு. குள்ளமா இருந்தா குழந்தையாகிடுமா?” என்றபடி அவர் வந்து அமர்ந்தார். படகு சாத்தம் சேர்வதற்குள் அந்த மரத்தின் கதை முழுவதையும் தெரிந்துகொண்டேன்.

அவர் நாற்பது வயதுக்கு மேல் திருமணம் செய்துகொண்டவர். மனைவி கோத்தகிரிக்காரர். ஒப்பந்த ஆசிரியையாக இங்கே ஒரு பள்ளிக்கு வந்தவர். அந்தப் பள்ளியின் குடிநீர்க் குளிர்சாதனத்தைப் பழுது பார்க்கப் போன இடத்தில் அறிமுகம். இந்தத் தண்ணீர் போன வாரத் தண்ணீரை விடக் குளிர்ச்சியா என்று இவர் கேட்டதுதான் முதல் பேச்சாம். திருமணமாகி இரண்டாம் ஆண்டில் அந்த அம்மாவுக்குச் சொந்த ஊரிலேயே நிரந்தர வேலை கிடைத்தது. தீவின் புழுக்கத்தில் ஆண்டில் எட்டு மாதம் வேர்க்குருவோடு வாழ்ந்தவர் அவர், போய்விட்டார். இவரை அங்கே வரச் சொன்னார். இவர் அவரை இங்கே வரச் சொன்னார். இருவரும் தங்கள் ஊரில் வேர் பிடித்த பிறகு கைப்பிடித்தவர்கள். யார் பிடுங்கிக்கொண்டு கிளம்புவது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட வழி உலகத்தில் வேறு எந்தத் தம்பதிக்கும் தோன்றியிருக்காது. அவர் வீட்டு வாசலில் இருந்த குள்ளப் பைனை இவர் தீவுக்குக் கொண்டுவந்து வளர்க்க வேண்டும். இவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்த டிசம்பர் கள்ளியை அவர் கோத்தகிரியில் வளர்க்க வேண்டும். மூன்று ஆண்டுக் கெடு. பைன் இங்கே பட்டுப்போனால் இவர் வேலையை விட்டு மலைக்குப் போவது. கள்ளி அங்கே பட்டுப்போனால் அவர் வேலையை விட்டுத் தீவுக்கு வருவது.

“ரெண்டும் பிழைச்சுக்கிட்டா?” என்று கேட்டேன்.

அவர் மரத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். “அதை நாங்க பேசலையே மேடம்.”

கப்பலில் மூன்று நாள் அந்தத் தொட்டியை மேல்தளத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். முதல் மழைக்காலத்தைக் கடந்துவிட்டது. ஆனால் மலையில் பிறந்த அந்த இனம், ஆண்டுக்கொரு முறை நன்றாகக் குளிரில் உறங்கினால்தான் அடுத்த துளிரை விடும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். தீவில் குளிர்காலம் என்பது மின்விசிறியை ஓர் எண் குறைக்கும் காலம். ஆகவே குளிர்காலத்தைத் தேடி மரத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருந்தார். ஐஸ் ஃபேக்டரியின் கிடங்குக்கு முன்னால் ஒரு சிறிய அறை உண்டு. உறையும் நிலைக்கு நாலைந்து பாகை மேலே நிற்கும் குளிர். அங்கே ஏழு வாரம்.

எடுத்த எடுப்பில் உள்ளே வைக்கவில்லை. முதல் வாரம் வாசலில், கதவு திறக்கும்போது வீசும் குளிர்காற்றில் மட்டும். இரண்டாம் வாரம் கதவுக்கு உட்புறம். பிறகுதான் அறையின் மூலை. வெளியே எடுக்கும்போதும் அதே நிதானம், எதிர்த்திசையில். மலையில் குளிர் நாளுக்கு நாள் இறங்கி வரும். கதவைத் திறந்து ஒரேயடியாக உள்ளே தள்ளாது என்பது அவர் நியாயம்.

ஃபேக்டரியில் அவருடன் வேலை பார்த்தவர் ஒரு வங்காளி தாதா, அதாவது அண்ணன். மென்மையான மனிதர். அந்த ஜனவரியில் நம்மவர் காய்ச்சலில் நான்கு நாள் வீட்டில் கிடந்தபோது மரத்தை அவரிடம் ஒப்படைத்தார். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால், பைன் கழுத்துவரை சாக்குப் போர்த்தி, அதற்குமேல் தாதாவின் சொந்தக் கம்பளியும் சுற்றி, மீன் பெட்டிகளுக்கு நடுவே நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது.

“என்ன தாதா இது?”

“பேச்சாரா, பாவம், நடுங்கிச்சு பாய். நம்ம நம்பி விட்டுட்டுப் போனே. எனக்குத் தூக்கம் வரல.”

“அதுக்குக் குளிரணும்னுதானே இங்க வெச்சிருக்கேன்!”

“குளிரட்டும். கஷ்டப்படக் கூடாதில்ல?”

இதை என்னிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தாதாவின் அன்பையும் தன் அன்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் மரம் வெளியே வந்தது. ஊசிகளில் சூரை மீன் வாசனை. பாம்பூஃப்ளாட்டின் பூனைகள் அதைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்து, என்றாவது ஒரு நாள் அது மீனாக மாறிவிடும் என்ற நம்பிக்கையோடு பார்த்தன. மார்ச்சில் கிளை நுனிகளில் மெழுகுவர்த்தி போல் வெளிர்நிறத் துளிர்கள் நிமிர்ந்தன. படகில் அன்று எல்லோருக்கும் அவர் செலவில் சமோசா.

கோத்தகிரியிலிருந்து கள்ளியின் புகைப்படங்கள் வரும். தீவுக்குக் கடலடி இணையக் கேபிள் வருவதற்கு முந்தைய காலம் அது. சாத்தமில் தரவிறங்கத் தொடங்கும் படம், பாம்பூஃப்ளாட் வரும்போதுதான் முழுதாகத் தெரியும். அதுவரை அவர் வானத்தை நோக்கிக் கைபேசியை நீட்டியபடி ஒப்பீட்டைத் தொடங்கிவிடுவார்.

“ரெண்டு பேரும் இலையைக் குறைச்சவங்க மேடம். இவன் பனிக்குப் பயந்து இலையை ஊசியாக்கினான். அவள் இலையே வேண்டாம்னுட்டு, தண்டைத் தட்டையாக்கி அதையே இலையாக்கிக்கிட்டாள். இவன் ஊசி வெச்சிருக்கான், முள்ளுன்னு யாரும் சொல்றதில்லை. அவ பேரு கள்ளி, உடம்புல குத்துற முள்ளு ஒண்ணு கிடையாது. இவனுக்கு நல்ல வெயில் வேணும். வேர்ல தண்ணி தங்கக் கூடாது. அவளுக்கு நிழல் வேணும், ஈரக்காத்து வேணும். இவன் வருஷத்துக்கு நாலு விரல்கடை வளர்வான். அவ ஒரு கணு ஒடிஞ்சு விழுந்தா அதுலயே குடும்பம் நடத்துவா.”

“இதில் எது உசத்தி?” என்று நான் சீண்டுவேன்.

“பஸ், போதும் மேடம், அது மட்டும் கேக்காதீங்க.”

இப்படியே கெடு முடியும் மூன்றாம் ஆண்டும் வந்தது. மூன்று மே மாதங்களில் அவர் கோத்தகிரிக்குப் போய் வந்தார். மூன்று டிசம்பர்களில் பைன் படகேறியது. இரண்டு செடிகளும் திடமாக இருந்தன. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வெற்றியை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு வீட்டில் தனியே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. “இந்த வருஷம் முடிவு சொல்லணும்னுட்டா மேடம். இல்லேன்னா இப்படியே இருந்துக்கலாம், பழகிப்போச்சுங்கறா” என்று ஒரு மாலை சொன்னார். அந்தப் ‘பழகிப்போச்சு’தான் அவரைப் பயமுறுத்தியிருந்தது. முதல் தடவையாக அவர் அதை எதோடும் ஒப்பிடவில்லை.

உயிரோடிருப்பதிலேயே தரம் பிரித்துப் பார்த்தாக வேண்டும் என்று தீர்மானித்தார். எது உண்மையில் அந்த ஊரில் வாழ்கிறது, எது முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது? பைனுக்குத் தான் செய்யும் ஐஸ் அறை வைத்தியம் அவருக்குத் தெரியும். மனைவியிடம் அதைச் சொன்னதில்லை. வெப்ப நாட்டுக் கள்ளியைக் கோத்தகிரிக் குளிரில் வைத்திருக்க அங்கே என்ன வைத்தியம் நடக்கிறது? அதைத் தெரிந்துகொண்டால் இரண்டையும் சமமாகத் தட்டில் வைக்கலாம். “உங்க லைப்ரரியில கள்ளி பத்தி ஏதாவது இருக்கா மேடம்?” என்றார்.

இருந்தது. வீட்டுச் செடிகள் பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று, அட்டை பிய்ந்து, அடித்தட்டில். அன்று மதியமே பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அந்தக் கள்ளியின் பூர்வீகம் பிரேசிலில் கடலோரத்தை ஒட்டி உயர்ந்து நிற்கும் மலைகள். மூடுபனி உலவும் காடுகளில், மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் தொற்றி வாழ்வது. கடும் உறைபனியைத் தாங்காது. மற்றபடி மிதமான குளிர் அதற்கு உவப்பானது. குளிர்ந்த இரவுகள் மொட்டுக்குத் துணை.

அவர் இத்தனை காலம் தீவின் பிரதிநிதியாக அனுப்பி வைத்திருந்தது ஒரு மலைச்செடி. தாய்வீட்டை ஒத்த ஓர் ஊரில் அது சுகமாக இருக்கிறது. வைத்தியம் எதுவும் தேவையில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தால் அவர் போன்ற மனிதர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும்.

நான்கு நாள் அந்தப் புத்தகம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஒரு புத்தகத்தை வாசகரிடமிருந்து நான் மறைத்தது என் பணிக்காலத்தில் அந்த ஒரு முறைதான். “இன்னும் கிடைக்கலையா?” என்று அவர் கேட்கும்போதெல்லாம், “தேடுகிறேன்” என்றேன். பன்னிரண்டு ஆண்டுகளாக, அவர் விடுப்பில் இருந்த நாள்கள் தவிர, நான் படகில் தனியே போனதில்லை என்பதை அந்த நான்கு நாளில்தான் எண்ணிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் அவர் கேட்கவில்லை. எனக்குச் சிரமம் கொடுக்கிறோமோ என்று தயங்கியிருக்க வேண்டும். அந்தத் தயக்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. மாலைப் படகில் புத்தகத்தை விரித்து அவர் மடியில் வைத்தேன்.

ஒரு விரலை வரிக்கு வரி நகர்த்தி மெல்லப் படித்தார். பாம்பூஃப்ளாட் வந்தது, எல்லோரும் இறங்கினோம். திரும்பிப் பார்த்தால் அவர் இறங்கவில்லை. படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு மறுபடியும் சாத்தமுக்குக் கிளம்பியது. அவர் அதே பக்கத்தில் குனிந்தபடி அதோடு போனார். அடுத்த நடையில் திரும்பி வந்தபோது நான் ஜெட்டி பெஞ்சில் காத்திருந்தேன்.

“மேடம், இவன் இங்க இருக்கான்னா ஒரு ஃபேக்டரி ஓட வேண்டியிருக்கு. கம்ப்ரஸர், அம்மோனியா, தாதாவோட கம்பளி. அவளுக்கு அங்க ஒண்ணுமே வேண்டாம். ரெண்டும் ஒண்ணாகுமா?” என்றார். பிறகு அங்கேயே கைபேசியை எடுத்து மனைவியை அழைத்தார். படகு எஞ்சின் இரைச்சலில் கேட்காது என்று ஒலிபெருக்கியில் போட்டார்.

“நான் தோத்துட்டேன்” என்றார் எடுத்ததும். ஐஸ் அறையைச் சொன்னார். ஏழு வாரக் கணக்கைச் சொன்னார்.

அந்தப் பக்கம் சற்றும் அதிரவில்லை. “அதான் தெரியுமே. நீங்க அனுப்பின முதல் வருஷப் போட்டோவுலேயே மரத்துக்குப் பின்னாடி ஐஸ் கட்டியும் மீன் பெட்டியும் இருந்துச்சு. மரம் ஏன் மீன் கடைக்குப் போச்சுன்னு யோசிக்க மாட்டேனா?”

“அப்புறம் ஏன் சொல்லல?”

நெட்வொர்க் போய்விட்டதோ என்று கைபேசியை உயர்த்திப் பிடித்தார்.

“நான் எந்த வாயால சொல்றதுங்க? நீங்க குடுத்த கள்ளி முதல் மழையிலேயே அழுகிப் போச்சு. வாடிடப் போகுதேன்னு காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தினேன். அடுத்த நாளே நர்சரியில அதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சேன். அதுவும் அடுத்த வருஷம் போயிடுச்சு. இப்ப இருக்கறது மூணாவது. மூணு தடவை வந்து பாத்தீங்களே, கண்டுபிடிச்சீங்களா?”

உலகத்தில் எதையும் எதோடும் ஒப்பிடக்கூடிய மனிதர் மூன்று கள்ளிகளை ஒன்றென்றே நம்பியிருந்தார். “ரெண்டாவது வருஷம் போட்டோவுல பூ நிறம் வேறயா இருந்துச்சு. நெட்வொர்க்தான் நிறத்தைக் கெடுக்குதுன்னு நெனச்சேன்” என்றார். கொஞ்சம் யோசித்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார்: “மூணுல எது நல்லாப் பூத்துச்சு?”

“அடக் கடவுளே! பக்கத்துல லைப்ரரி அக்கா இருக்காங்களா? போனை அவங்ககிட்ட குடுங்க.”

கைபேசி என் கைக்கு வந்தது. “அக்கா, நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேரும் திருட்டு ஆட்டம்தான் ஆடியிருக்கோம். கணக்குப்படி நான் முதல் வருஷமே தோத்தாச்சு. வேலையை எழுதிக் குடுத்துட்டு வர நான் தயார். இவர் என்னடான்னா, தான் தோத்துட்டேங்கறார். யார் கிளம்பறது?”

புத்தகங்களை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி அடுக்குவதுமாகவே வாழ்ந்தவள் நான்; தீர்ப்புச் சொல்லிப் பழக்கமில்லை. அவர் தீர்ப்பே சொல்லமாட்டார். ஜெட்டியில் வேறு யாரும் இல்லை. அந்த அம்மாவை வரச் சொல்ல ஒரு சொல் போதும். ஆட்ட விதியும் என் பக்கம் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை கூறியிருக்க முடியாது.

“உங்கள் கள்ளிகளைக் கொன்றது கோத்தகிரி அல்ல, உங்கள் தண்ணீர்ச் செம்பு. இவருடைய பைனைக் காப்பாற்றியது தீவு அல்ல, ஐஸ் ஃபேக்டரி” என்றேன். “செம்பைக் குறைப்பது சுலபம். இவர் கிளம்பட்டும்.”

அவர் தலையாட்டினார். அந்தப் பக்கம் அந்த அம்மா தாழ்ந்த குரலில், “அக்கா, அப்ப நீங்க போட்ல...” என்று ஆரம்பித்தார். “படிக்க நிறைய இருக்கிறது” என்று சொல்லிக் கைபேசியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் கப்பலில் அவர் புறப்பட்டார். தொட்டியைச் சுற்றித் தாதா தன் கம்பளியைக் கட்டியிருந்தார்; இந்த முறை நம்மவர் அதை அவிழ்க்கவில்லை. என்னிடம் விடைபெறும்போது, “உங்களை மாதிரி...” என்று தொடங்கி, எதோடு ஒப்பிடுவது என்று தேடி, கப்பல் சங்கு ஊதும்வரை அப்படியே நின்றார்.

அந்த டிசம்பரில் கோத்தகிரியிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. வழக்கம்போல் சாத்தமில் தொடங்கி, நடுக்கடலில் பாதி திறந்து, பாம்பூஃப்ளாட்டில் முழுமையாயிற்று. பைனைத் தொட்டியிலிருந்து எடுத்து வாசல் மண்ணில் நட்டிருந்தார்கள். சன்னல் விளிம்பில் கள்ளி பூத்துத் தொங்கியது. இரண்டுக்கும் நடுவே, நல்ல உச்சி வெயிலில், குரங்குக் குல்லாயும் மஃப்ளரும் இரண்டு ஸ்வெட்டருமாக, முப்பது வருடம் ஐஸ் செய்து பிழைத்த மனிதர். மூக்கு நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. கீழே அந்த அம்மாவின் வரி:

“அக்கா, மரம் நல்லா இருக்கு. கள்ளியும் நல்லா இருக்கு. இவரைத்தான் அடுப்புப் பக்கத்துல வெச்சுக் காப்பாத்திட்டு இருக்கேன்.”